ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே பதினோரு வருஷம்

விக்டர் பர்னாந்து குத்து வாங்கிக் கீழே விழுந்து பதினோரு வருஷமாகியும் நடுவர் இன்னும் பத்து எண்ணி முடிக்கவில்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த மறுவாரம், திரேஸ்புரம் கடற்கரையில் போட்ட மேடையில், மூன்றாவதும் கடைசியுமான ரவுண்டின் ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டாவது விநாடியில் அவர் விழுந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. சங்கு குளிக்கிற தொழில்; தூத்துக்குடித் துறைமுகத்துக் குத்துச்சண்டைக்கு இருபத்தொரு வருஷம் அவர்தான் ராஜா. அடித்தவன் மாப்பிள்ளையூரணி பாலகணேஷ், வயது இருபத்திரண்டு, கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை. நடுவர் காயல்பட்டினம் ஜக்கரிய்யா, துபாயில் இருந்த காலத்தில் முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் குனிந்து, விரல்களைக் காட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணினார். ஒன்பது வரை சுத்தமாக வந்தது. பத்து வரவில்லை. தொண்டை வறண்டிருக்கும் என்று பன்னீர் சோடா கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு, மேஜையில் இருப்பவர்களுக்கும் பத்து சோடா சொல்லுங்கள் என்று அவர் தெளிவாகவே சொன்னார். திரும்பிக் குனிந்து எண்ணினால் ஒன்பதோடு நின்றது. மைக் பிடித்திருந்தவர் முயன்று பார்த்தார். பிறகு கூடியிருந்த நானூறு பேரும் ஒரே குரலில் எண்ணினார்கள். ஒன்பதுக்கு மேடை அதிர்ந்தது. பத்துக்கு நானூறு வாயும் திறந்திருக்க, ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. மேஜை மேலிருந்த ஸ்டாப்வாட்சும் விழுந்த விநாடியிலேயே நின்றுபோயிருந்தது.

எண்ணி முடிகிறவரை அடித்தவன் ஒதுக்கு மூலையில் நிற்க வேண்டும் என்பது விதி. பாலகணேஷ் காலை பத்தே முக்காலிலிருந்து பகல் ஒன்றேகால் வரை கையுறையைக் கழற்றாமல் நின்றான். இரண்டு மணிக்கு அவனுக்கு ஷிப்ட். விக்டரோ முதலில் மயங்கிக் கிடந்து, அந்த மயக்கம் தெளியாமலே தூக்கமாகி, குறட்டை விட ஆரம்பித்திருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து கடலுக்குப் போய் வந்த உடம்பு. அவர் கண் விழித்து எழுந்து கையைத் தூக்கியபோது எதிரே ஆள் இல்லை. போட்டியின் முடிவு என்ற இடத்தில் ஜக்கரிய்யா பேனாவை வைத்து, எடுத்து, கடைசியில் ஒன்றும் எழுதாமலே தாளை மடித்துவிட்டார்.

முடியாத போட்டியின் மேடையைப் பிரிக்க முடியாது. கமிட்டி அதன் மேல் தகரக் கூரை போட்டது. கான்வாஸில் விக்டர் கிடந்த இடத்தில் வியர்வை ஈரம் ஓர் ஆள் அளவுக்கு, இடது கை மடங்கி, வலது கால் கோணி, அப்படியே நின்றுவிட்டது. சித்திரை வெயிலிலும் காயவில்லை. அதன் ஓரங்களில் உப்புப் பூத்தது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் வந்து நாக்கில் வைத்துப் பார்த்து, நல்ல உப்புதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமைதோறும் விக்டரின் மனைவி ஜெயசெல்வி விளக்குமாறோடு போய்க் கூட்டி அள்ளிவிட்டு வந்தாள். அந்த உப்பில்தான் கருவாடு போடுகிறாளா என்று ஊரில் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது மேடையும் ஆறு நாள் தண்ணீருக்குள் இருந்தது. வடிந்த பிறகு பார்த்தால் கான்வாஸ் முழுக்கச் சேறு, அந்த ஆள் வடிவத்தில் மட்டும் சேறு ஒட்டவில்லை. ஜெயசெல்வி மற்ற இடத்தைக் கழுவி விட்டாள்.

இதில் நொந்துபோனவன் பாலகணேஷ். ஒரு போட்டி முடியாமல் அடுத்த போட்டியில் பெயர் கொடுக்க முடியாது. மதுரைக்கு எழுதினான், சென்னைக்கு எழுதினான். முந்தைய போட்டியின் முடிவை இணைத்து அனுப்பவும் என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு பையன் எவ்வளவு தூரம் போவான் என்று யாருக்கும் தெரியாது. அவன் எங்கேயும் போகாமல் கம்பி இறுக்கிக்கொண்டே முப்பத்து மூன்று வயதுக்காரனாகிவிட்டான். கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன, தலையில் முன்பக்கம் கொஞ்சம் போனது. விக்டருக்கும் வேறு போட்டி இல்லைதான். ஆனால் அவருக்கு அது உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தேழு போட்டி, எல்லாம் ஜெயம், நாற்பத்தெட்டாவது நிலுவை. தோற்காத மனிதர் என்று ஊர் சொன்னது. வயசாளியை அடித்த பயல் என்று அதே வாயால் பாலகணேஷைச் சொன்னது. இரண்டும் தம் காதில் விழும்போது விக்டர் மறுத்துப் பேசவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு டீயைக் குடித்தார். மனுஷன்தானே.

இருபத்து நாலாம் வருஷத் தொடக்கத்தில் கமிட்டி புதிதாக ஒரு பயிற்சிக் கூடம் கட்டி முடித்தது. அதன் முகப்புச் சுவரில் துறைமுகத்தின் ஆகப் பெரிய குத்துச்சண்டைக்காரர் என்று ஒரே ஒரு பெயரை, அவர் ஜெயித்த போட்டிகளோடு எழுதுவதாக முடிவாயிற்று. அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது என்று சொன்னால் தப்பு, ஐந்தாறாகப் பட்டது. சலூனில் ஒரு கட்சி, ஒருவன் உச்சத்தில் இருந்தபோது எப்படி இருந்தான் என்று பார்க்க வேண்டும், கிழடு தட்டிய பிறகு நடந்ததெல்லாம் கணக்கில் சேராது என்றது. மீன் ஏலக் கூடத்தில் இன்னொரு கட்சி, உச்சத்தில் எவனும்தான் நன்றாக அடிப்பான், எத்தனை வருஷம் தாக்குப்பிடித்தான் என்பதே பேச்சு என்றது. எத்தனை பேரை அடித்தான் என்பது கிடக்கட்டும், யாரை அடித்தான் என்று பார் என்றார்கள் துறைமுக கேட்டுக்கு வெளியே நிற்கிற லாரிக்காரர்கள். ஆட்டுக்கறிக் கடை அண்ணன் தம்பி இரண்டு பேர் இதில் சண்டை போட்டு, ஒரே கடைக்கு இரண்டு வாசல் வைத்துக்கொண்டார்கள். செத்துப்போன ஜாபேஸையும் இழுத்தார்கள். விக்டருக்கு முன்னால் பதினாலு வருஷம் ராஜாவாக இருந்த மூட்டை தூக்குகிறவர் ஜாபேஸ். தொண்ணூற்றிரண்டில், தம் நாற்பத்தோராவது வயதில், இருபத்திரண்டு வயது விக்டரிடம் தோற்று அதோடு கையுறையைக் கழற்றியவர். அவருக்கு வயதாகாமல் இருந்திருந்தால் ஜாபேஸ் எங்கே, இந்த விக்டர் எங்கே என்று அவருடைய ஆட்கள் முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததைத் திரும்பவும் சத்தமாகச் சொன்னார்கள். விக்டர் வாங்கிய அத்தனை குத்திலும் ஆறாமல் கிடந்தது அந்த ஒன்றுதான்.

கமிட்டித் தலைவர் உப்பு ஏற்றுமதி சிவசுப்பிரமணிய அண்ணாச்சி. அவருடைய தாத்தா, கடலில் முத்துக் குளித்த சலாபக் காலத்தில் சிப்பி ஏலம் எடுத்தவர். திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் எடுத்து, வேலி கட்டிய கொட்டிலில் குவித்து, அழுகவிட்டு, ஈயும் புழுவும் தங்கள் பங்கைத் தின்று தீர்த்த பிறகு கழுவி முத்தெடுத்து, பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பது அந்தக் காலத்து முறை. சண்டையைத் தீர்க்க அதே முறைதான் சரி என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. வேறு ஊராக இருந்தால் ஓட்டெடுப்பு நடத்தியிருப்பார்கள். அவர் பரணிலிருந்து தாத்தாவின் சல்லடைகளை இறக்கித் துடைக்கச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், உப்புக் குடோன் ஆபீஸில், விக்டரின் நாற்பத்தெட்டுப் போட்டிகளையும் நாற்பத்தெட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தார்கள். முதல் சல்லடையில் நிற்பது ஆணிமுத்து. கடைசியில் விழுவது தூள். சீட்டு சல்லடையில் விழுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், விழுந்தது. அண்ணாச்சி கணக்கில் சேராது என்று சொன்ன சீட்டு, காகிதமாக இருந்தும், மணி மாதிரி உருண்டு ஓட்டை வழியே இறங்கித் தூள் தட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் விக்டரும் இருந்தார். அண்ணாச்சி அவரை வைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

“அழுகி முடிஞ்ச பொறவுதான் முத்து தெரியும். விக்டருக்கு அந்தக் காலம் வந்தாச்சு. இனி நாம பிரிச்சி எடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“நான் இன்னும் அழுகல, அண்ணாச்சி” என்றார் விக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சியும் சிரித்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆடிய ஐந்து போட்டிகள் தூளில் இறங்கின. பாலகணேஷுடன் நின்றுபோன போட்டி அதில் கடைசி. இனி அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், பத்து சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான், உனக்குச் சுத்தமாக நாற்பத்து மூன்று ஜெயம் என்று அண்ணாச்சி அவர் தோளைத் தட்டினார். விக்டர் தலையாட்டினார். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவருக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து அண்ணாச்சி ஒரு பழைய சீட்டை எடுத்தார். தொண்ணூற்றிரண்டு, ஜாபேஸ். எதிராளிக்கு வயது நாற்பத்தொன்று, அண்ணாச்சி ஒரே நியாயம் பேசுகிற மனிதர். இதுவும் கணக்கில் சேராது என்றார். சீட்டு உருண்டு இறங்கியது.

விக்டர் எழுந்து தூள் தட்டில் கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்தார். பிறகு பாலகணேஷின் சீட்டையும் எடுத்தார். முப்பத்திரண்டு வருஷமாகத் தம் நெஞ்சில் கிடந்த முள்ளையேதான் பதினோரு வருஷமாக இன்னொருவன் நெஞ்சில் குத்தி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வரும்.

“நாப்பதுக்கு மேல நான் ஆளே இல்லன்னா, அந்தப் பய யார அடிச்சான்? நாப்பத்தொண்ணுல ஜாபேஸ் அண்ணன் ஆளே இல்லன்னா, நான் யார அடிச்சேன்? அவரு முழு ஆளா வந்து நின்னாரு, அண்ணாச்சி. அவரு விட்ட குத்துல எனக்கு ரெண்டு பல்லு போச்சு. நானும் முழு ஆளாத்தான் விழுந்தேன்.”

இரண்டு சீட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நின்றுபோன போட்டியை நின்ற இடத்திலிருந்து நடத்தி முடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் சுவரைப் பற்றிப் பேசலாம் என்றார். ஐம்பத்து நாலு வயதில் இது என்ன வீம்பு என்று அண்ணாச்சி கேட்டதற்கு, எந்த வயதில் என்றால் வீம்பு இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஊருக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது. சலூன்காரர்கள் உடனே ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். எண்ணிக்கை ஒன்பதில் நிற்கிறது; பத்து எப்படியும் வரப்போவதில்லை; ஆகவே விக்டர் கீழே படுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம், மூச்சு வாங்கி, இளநீர் குடித்து, மாலைவரை படுத்திருந்துகூட எழுந்திருக்கலாம், சட்டத்தில் தடையில்லை. விக்டர் அதைக் கேட்டு சலூனுக்குள் போய், சவரம் பாதியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற குரலில், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு விநாடிதான் உண்டு, ஊரில் எல்லாருக்கும் உள்ள அந்த ஒரு விநாடியில் எழுந்திருப்பேன், முடியாவிட்டால் நானே பத்து என்று தரையில் தட்டிவிடுவேன் என்றார்.

சொல்வது சுலபம். வலது முழங்கால் அவருக்கு ஆறு வருஷமாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு மாதம் வீட்டுக்குள் பயிற்சி நடந்தது. விக்டர் கூடத்து சிமெண்ட் தரையில் இடது கையை மடக்கி, வலது காலைக் கோணலாக வைத்துப் படுத்திருப்பார். ஜெயசெல்வி அடுப்படியில் மீன் அரிந்துகொண்டே, முன்கூட்டிச் சொல்லாமல், தனக்குத் தோன்றும்போது ஒன்பது என்பாள். பத்து அவள் வாயிலும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு. தட்டுவதற்குள் அவர் நின்றாக வேண்டும். முதல் வாரம் முழுக்கச் சட்டிதான் ஜெயித்தது. விழுந்தால் என்ன செய்வாய் என்று அவர் ஒரு நாள் மனைவியைக் கேட்டார். விழுந்தா எந்திரிச்சு வாங்க, தூக்கிட்டு வர எனக்கு முதுகு ஒத்துக்காது என்றாள் அவள். இந்தப் பதினோரு வருஷமாகப் புருஷனின் வடிவத்தைக் கூட்டிப் பெருக்கி அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. ஜூலை கடைசியில் சட்டியும் அவரும் சமம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரைக்கு ஜக்கரிய்யா காயல்பட்டினம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வயது அறுபத்து மூன்று. பழைய வெள்ளைச் சட்டை வயிற்றில் கொஞ்சம் பிடித்தது. பதினோரு வருஷமாக இந்த ஒரு சொல்லை நினைத்துத் தூக்கம் கெட்டவர் அவர். பேத்திக்கு எண் சொல்லிக்கொடுக்கும்போது வருகிற பத்து, கண்ணை மூடி இந்த மேடையை நினைத்தால் வராது. பாலகணேஷ் ஒதுக்கு மூலையில் போய் நின்றான். விக்டர் தம்முடைய ஈர வடிவத்தில் படுத்தார். கையும் காலும் சரியாகப் பொருந்தின, வயிறு மட்டும் ஒரு பக்கம் வெளியே நின்றது. கூட்டம் இந்தத் தடவை ஆயிரத்துக்கு மேல். ஜக்கரிய்யா குனிந்து, ஒன்பது விரலைக் காட்டி, ஒன்பது என்றார்.

விக்டர் எழுந்தார். அழகாக எழுந்தார் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் சடக்கென்றது மூன்றாம் வரிசை வரை கேட்டது, முகம் கோணியது. ஆனால் ஜக்கரிய்யாவின் வாய் அடுத்த எண்ணுக்குத் திறப்பதற்குள் அவர் இரண்டு காலில் நின்று கையுறையை உயர்த்தியிருந்தார். மேஜை மேலிருந்த ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது. மிச்சம் எழுபத்திரண்டு விநாடி. பாலகணேஷ் மூலையிலிருந்து மெதுவாகவே வந்தான், முதல் குத்தையும் அரைமனதாகத்தான் விட்டான். விக்டருக்கு வந்ததே ஆத்திரம். இடது கையால் அவன் விலாவில் ஒன்று இறக்கி, பல்காப்பைக் கடித்துக்கொண்டே, “ஏலே, வயசாளிக்குப் பாவம் பாக்கியோ? ஒழுங்கா அடில” என்றார். அதன் பிறகு பாலகணேஷ் ஒழுங்காகவே அடித்தான். இருபத்திரண்டு வயதிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அடித்தான். பன்னிரண்டு குத்து சுத்தமாக விழுந்தது என்று எண்ணியவர்கள் சொன்னார்கள். புருவம் கிழிந்தது, விக்டர் கயிற்றில் சாய்ந்தார், கயிற்றிலிருந்து நிமிர்ந்தார், இன்னும் இரண்டு தரம் அந்த இடது கையை விட்டார், ஒன்று பட்டது. ஜெயசெல்வி மூன்றாம் வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். மணி அடித்தபோது விக்டர் நின்றுகொண்டிருந்தார்.

மேஜையில் இருந்து புள்ளி போட்ட மூன்று பேரும் பாலகணேஷுக்கே ஜெயத்தைக் கொடுத்தார்கள். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஜக்கரிய்யா அவன் கையைத் தூக்கியபோது அவன் ஜெயித்தவன் மாதிரி குதிக்கவில்லை. தொங்கிப்போன கையுறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மாமனார் வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் இல்லாமல் அழுதான். விக்டர் அவன் தலையைத் தம் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் அழுகை நிற்கிறவரை மேடையை விட்டு யாரும் இறங்கவில்லை. ஜக்கரிய்யா மடித்து வைத்திருந்த பழைய தாளைப் பிரித்து முடிவு என்ற இடத்தில் எழுதினார். காலம் என்ற இடத்தில் பதினோரு வருஷம் என்று எழுதலாமா மூன்று ரவுண்டு என்று எழுதலாமா என யோசித்து, இரண்டையும் எழுதினார். மத்தியானத்துக்குள் மேடைக் கான்வாஸ் காய்ந்துவிட்டது. சாயங்காலம் பிரித்து அடுக்கினார்கள்.

அண்ணாச்சி விட்டபாடில்லை. நாற்பது வயதுவரை தோல்வியே அறியாதவர் என்று எழுதுவோம், உண்மைதானே என்றார். விக்டர் மறுநாள் காலை புருவத்தில் தையலோடு பயிற்சிக் கூடத்துக்குப் போனார். சாரத்தில் ஏறி நின்ற பெயின்டரிடம், ஜாபேஸ் வரியை முதலில் எழுது, அவருடைய வயதையும் போடு என்றார். கடைசி வரிக்கு மற்ற வரிகளைவிட ஒரு விரல்கட்டை பெரிய எழுத்தாகப் போடச் சொல்லி, எழுதி முடிக்கிறவரை கீழே நின்று பார்த்தார். மாப்பிள்ளையூரணி பாலகணேஷிடம் தோல்வி, வயது 54. பெரியவர் என்று தலைப்புப் போட்ட சுவரில் தோல்வியை எழுதுகிற ஊர் உண்டா என்று அண்ணாச்சி வந்து சத்தம் போட்டார்.

“அவன் அடிச்ச குத்து இந்தச் செவத்துல இல்லன்னா, நான் அடிச்சதும் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அழிச்சிருங்க” என்றார் விக்டர்.

எல்லாவற்றையும் அழிக்க அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வரியின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். காலையில் வரி மேலே வந்து நின்றது. இரண்டு கோட் அடித்தார்கள், வந்தது. அந்த இடத்தைக் கொத்திச் சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள். சிமெண்ட் காய்ந்ததும் எழுத்து முன்னைவிட ஈரப் பளபளப்போடு தெரிந்தது. நாலாவது தடவைக்குப் பிறகு கமிட்டி ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. வருகிறவர்கள் படித்துவிட்டு உள்ளே போனார்கள். விக்டர் பழையபடி சங்கு குளிக்கப் போனார். யார் பெரியவர் என்ற சண்டை மட்டும் இன்றுவரை தீரவில்லை, கறிக் கடைக்கு இன்னும் இரண்டு வாசல்தான்.

பாலகணேஷ் அதற்கப்புறம் மூன்று போட்டி ஆடினான். இரண்டில் ஜெயித்தான். மூன்றாவதில், முப்பத்து நாலாவது வயதில், ஆத்தூரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையனிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தான். எண்ணிக்கை தடங்கலில்லாமல் பத்துக்குப் போயிற்று. சலூனில் அன்றைக்கே, பாலகணேஷுக்கு வயதாகிவிட்டது, இல்லையென்றால் அந்தப் பயல் எங்கே என்று பேச்சு கிளம்பியது. அடுத்த நாள் விடிந்ததும் பாலகணேஷ் நீலப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனான். விக்டரின் வரிக்குக் கீழே தன் பெயரை எழுதி, அந்தப் பையனின் பெயரை எழுதி, தோல்வி என்று எழுதி, முழு ஆளாக நின்றேன் என்று தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தான். கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அதன் மேல் யாரும் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கவில்லை.